சூடு பட்ட செல்லும் சூசன் லிண்ட்க்விஸ்ட்டும்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல் செய்முறை வகுப்பில் எங்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் புழு கொடுத்தார்கள். தேங்கிய தண்ணீரின் அடிச்சேற்றில் நெளியுமே, கைரோனமஸ் என்ற கொசு மாதிரியான பூச்சியின் இளம்புழு, அதுதான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, புழுவை அதில் வைத்து, ஒரு ஊசியால் உடம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஊசியால் தலையை மெதுவாக இழுக்க வேண்டும். பதமாக இழுத்தால் தலையோடு சேர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வெளியே வந்துவிடும். எனக்கு நாலாவது புழுவில்தான் வந்தது. அதன் மேல் சாயம் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, மை ஒற்றும் தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அப்புறம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், அடர்சிவப்பில் நாடா நாடாவாகச் சுருண்டு கிடந்தன குரோமோசோம்கள். நாடா முழுக்கக் குறுக்கே வரிகள். ஓரிடத்தில் மட்டும் வரி கலைந்து, பஞ்சு பிய்த்து வைத்த மாதிரி உப்பியிருந்தது. எங்கள் ஆசிரியை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வீக்கம் இருக்கிற இடத்தில் ஒரு மரபணு வேலை செய்துகொண்டிருந்தது" என்றார்.

மரபணு என்பதை அதுவரை புத்தகத்தில் ஒரு சொல்லாகத்தான் படித்திருந்தேன். அது வேலை செய்த தடயத்தைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாதாரண செல்களில் குரோமோசோமை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. இந்தப் பூச்சிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற சில இடங்களில் டிஎன்ஏ தன்னைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக்கொண்டு, பிரிந்து போகாமல், ஆயிரம், அதற்கும் மேற்பட்ட இழைகளாக ஒட்டிக்கொண்டே நிற்கிறது. ஆயிரம் நூலைச் சேர்த்துப் பிடித்தால் கயிறு தெரியும் அல்லவா, அது போலத்தான். ஒரு மரபணு இயங்கத் தொடங்கினால் அந்த இடத்தில் கயிற்றின் முறுக்கு தளர்ந்து உப்புகிறது. மரபணு ஒழுங்குமுறை என்ற பெரிய விஷயத்தை நேரடியாகக் காட்டும் ஜன்னல் அந்த வீக்கம்.

அதென்ன மரபணு ஒழுங்குமுறை? வீட்டுப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கும். அலுவலகத்துக்குக் கொண்டுபோவது ஜெராக்ஸ். செல்லிலும் டிஎன்ஏதான் மூலப்பத்திரம். அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. தேவையான பக்கத்துக்கு மட்டும் ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் பார்த்து ரைபோசோம் என்ற பட்டறை ஒரு புரதத்தைச் செய்கிறது. செல்லில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது புரதங்கள்தாம். மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000, பழ ஈக்குச் சுமார் 14,000, ஈஸ்ட்டுக்குச் சுமார் 6,000. எந்தப் பக்கத்தை எப்போது நகலெடுப்பது, எத்தனை நகல், எந்த நகலைப் பட்டறைக்கு அனுப்புவது, எதை நிறுத்திவைப்பது, எப்போது கிழித்துப் போடுவது? இந்த முடிவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் மரபணு ஒழுங்குமுறை.

இதைப் படிக்க எத்தனையோ வழிகள் உண்டு. எனக்குத் தெரிந்து மிக நல்ல வழி, செல்லைக் கொஞ்சம் சூடாக்கிப் பார்ப்பது. ஏனென்றால் விடை சில நிமிடங்களில் வந்துவிடும்.

அதைத் தற்செயலாகக் கண்டவர் ஃபெருச்சியோ ரிட்டோசா. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இதே வீக்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்த இளைஞர். பழ ஈ என்றால், வாழைப்பழம் கனிந்துவிட்டால் சுற்றிச் சுற்றி வருமே, அந்தக் குட்டி ஈ. ஒரு நாள் ஆய்வகத்தில் யாரோ அவருடைய செல்கள் இருந்த பெட்டியின் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார்கள். பொதுவாக அந்தச் செல்கள் கெட்டுப்போயின என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். ரிட்டோசா அதையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வழக்கமான வீக்கங்கள் வடிந்து, அதுவரை இல்லாத இடங்களில் புது வீக்கங்கள் எழுந்திருந்தன. வேண்டுமென்றே சூடாக்கியும் பார்த்தார். அதே இடங்களில், சில நிமிடங்களுக்குள், அதே வீக்கங்கள். ஒரு பெயர்பெற்ற இதழ் இதில் உயிரியல் முக்கியத்துவம் இல்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1962-ல் எக்ஸ்பீரியென்ஷியா என்ற இதழில் அது வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது. செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கும் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும், சூடே படாமல், அதே வீக்கங்கள் வந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வீக்கம் தெரிந்தது, சரி. அங்கிருந்து என்ன புரதம் வருகிறது என்பது 12 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1974-ல் ஆல்ஃப்ரெட் டிசியேரும் சக ஆய்வாளர்களும் சூடு பட்ட ஈக்களில் சில புரதங்கள் திடீரென்று ஏராளமாக உற்பத்தியாவதைக் காட்டினார்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. சுருக்கமாக எச்எஸ்பி. பின்னால் வரும் எண் அதன் எடை: எச்எஸ்பி70 என்றால் சுமார் 70,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு).

இந்த நேரத்தில்தான் சூசன் லிண்ட்க்விஸ்ட் உள்ளே வருகிறார். 1949-ல் சிகாகோவில் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு ஹார்வர்டில் மேத்யூ மெசல்சனிடம் சேர்ந்தார். டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றும் சேர்ந்து நிற்கின்றன என்று 1958-ல் ஃபிராங்க்ளின் ஸ்டாலுடன் சேர்ந்து நிறுவியவர் இந்த மெசல்சன். அவரிடம் மாணவியாக இருந்தபோது லிண்ட்க்விஸ்ட் செய்த சோதனையின் அழகு எனக்கு எப்போதும் பிடிக்கும். 1975-ல் வந்த அந்தக் கட்டுரையில் அவர் பெயர் எஸ். எல். மெக்கென்சி என்று இருக்கும்.

சூடு பட்ட ஈ செல்களில், அந்த நொடியில் ரைபோசோம்களில் ஏறியிருந்த ஆர்என்ஏ நகல்களை மட்டும் பிரித்து எடுத்தார்கள். கதிரியக்கத்தால் அவற்றுக்கு அடையாளம் வைத்து, கண்ணாடியில் நசுக்கிப் பரப்பிய உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்கள் மேல் விட்டார்கள். ஆர்என்ஏ தன் எழுத்துகளோடு பொருந்தும் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டின? ரிட்டோசா பார்த்தது போன்ற, சூட்டில் எழும் வீக்கங்களின் மேல். பட்டறையில் கிடந்த ஜெராக்ஸ் தன் மூலப்பத்திரத்தின் பக்கத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. வீக்கம், ஆர்என்ஏ, புரதம் என்ற மூன்றும் ஒரே கதையின் கண்ணிகள் என்பது அதோடு உறுதியானது.

1976-ல் பட்டம். 1978-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. அங்கே அவர் பிடித்துக்கொண்ட கேள்வியை அதற்குப் பிறகு சுமார் 40 ஆண்டுகள் விடவே இல்லை: சூடு படும்போது செல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் அவர் கவனித்தது, செல் எதை நிறுத்துகிறது என்பதை. ஈயின் செல்லை 25 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குக் கொண்டுபோனால், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பெருகுவதோடு, மற்றப் புரதங்களின் உற்பத்தி கிட்டத்தட்ட முழுக்க நின்றுபோகிறது. ஆனால் அந்த மற்றப் புரதங்களுக்கான ஆர்என்ஏ நகல்கள் அழிந்துபோகவில்லை. அப்படியே இருக்கின்றன. சூடு தணிந்ததும் அதே நகல்களை எடுத்து செல் பழைய வேலையைத் தொடர்கிறது. 1981-ல் நேச்சர் இதழில் இதை அவர் விளக்கினார். அதுவரை மரபணுவை இயக்குவது என்றால் நகலெடுக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்ற எண்ணம் பலமாக இருந்தது. எடுத்த நகலில் எதைப் பயன்படுத்துவது என்பதும் ஒரு தனிக் கட்டுப்பாடு என்பதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டிய உதாரணங்கள் குறைவு.

ஏன் நிறுத்த வேண்டும்? இங்கேதான் அடுப்பங்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை அதனால் ஒரு வேலையும் ஆகாது. குறிப்பிட்ட விதத்தில் மடிந்து, சுருண்டு, ஒரு வடிவத்துக்கு வர வேண்டும். மடியும்போது எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகள் உள்ளே போய்விடும், தண்ணீரோடு ஒத்துப்போகும் பகுதிகள் வெளியே இருக்கும். சூடு கூடினால் மடிப்பு தளர்ந்து, உள்ளே இருந்த எண்ணெய்ப் பகுதிகள் வெளியே தெரியும். அவை தண்ணீரில் நிற்காமல் பக்கத்தில் இருக்கும் அதே மாதிரிப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று கட்டி கட்டியாகிவிடும். முட்டையை உடைத்துத் தோசைக்கல்லில் ஊற்றினால் ஓரத்திலிருந்து வெள்ளையாக மாறிக்கொண்டே வருமே, அப்போது நாம் பார்ப்பது இதைத்தான். வெந்த முட்டையை ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் வைத்தாலும் அது திரும்பத் தண்ணியாகாது.

37 டிகிரியில் ஈயின் செல் முட்டை மாதிரி வெந்துவிடுவதில்லை. ஆனால் ஆரம்பம் அதே ஆரம்பம்தான். பாதி செய்த, இன்னும் மடிந்து முடியாத புதுச் சங்கிலிகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும். அதனால் புது உற்பத்தியை நிறுத்துவது நல்ல முடிவு. கூடவே, தளர்ந்துபோனவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் வேலை அதுதான் என்று 1986-ல் ஹியூ பெல்லம் தெளிவாக முன்வைத்தார். எச்எஸ்பி70, வெளியே தெரியும் எண்ணெய்ப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. வேறெதோடும் ஒட்டாமல் மறைத்துவைத்து, பிறகு விடுகிறது. விட்டதும் அந்தப் புரதம் சரியாக மடிய இன்னொரு வாய்ப்பு. மடியவில்லையா, மறுபடி பிடிக்கும்.

இப்படி உதவும் புரதங்களுக்கு ஆங்கிலத்தில் ஷாப்பரோன் என்று பெயர். 1978-ல் ரான் லாஸ்கி ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கு வைத்த பெயரை, 1987-ல் ஜான் எல்லிஸ் இந்தக் கூட்டம் முழுவதற்கும் பொதுவாக்கினார். இளம்பெண் வெளியே போகும்போது தகாத சேர்க்கை வராமல் கூடவே போகும் மூத்த பெண்மணி என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். நம் அகப்பாடல்களில் தலைவியைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் செவிலித்தாய் இருக்கிறாளே, அவளேதான். நான் இவற்றைச் செவிலிப் புரதங்கள் என்றே சொல்வேன். செவிலி என்றால் இன்று நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்ற பொருளும் இருப்பதால் இரண்டு விதத்திலும் பொருந்துகிறது.

செவிலிகள் சூடு வந்தபிறகு மட்டும் தோன்றுகிறவர்கள் இல்லை. சாதாரண நாளிலும் புதுப் புரதங்களை மடிக்க அவர்கள் தேவை. எச்எஸ்பி90 என்ற ஒன்று மட்டுமே எந்த நெருக்கடியும் இல்லாத செல்லின் மொத்தப் புரதத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கிறது. நெருக்கடியில் கூடுதல் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கூடுதல் ஆள் வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

செல்லில் எச்எஸ்எஃப்1 என்ற ஒரு புரதம் உண்டு. வெப்ப அதிர்ச்சி மரபணுக்களின் தொடக்கத்துக்கு முன்னால் ஜிஏஏ என்ற எழுத்துகள் நேராகவும் தலைகீழாகவும் மாறி மாறி வரும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. எச்எஸ்எஃப்1 மூன்று மூன்றாகச் சேர்ந்து அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் மரபணு இயங்கும். சாதாரண நாளில் அது தனித்தனியாக, சும்மா இருக்கிறது. சும்மா இருக்க வைப்பது யார் என்றால், அதே செவிலிப் புரதங்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பெரியவர்கள் ஒரு துறுதுறுப்பான பையனைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. நாலு பேரும் எழுந்து உள்ளே ஓடுகிறார்கள். பையனைப் பிடிக்க ஆள் இல்லை. அவன் ஒரே ஓட்டமாகத் தெருவுக்குப் போய் இன்னும் பத்துப் பெரியவர்களைக் கூட்டி வருகிறான். பால் துடைத்தாகிவிட்டது, இப்போது வீடு நிறையப் பெரியவர்கள். வேலை இல்லாத இரண்டு பேர் பையனைத் திரும்பப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறார்கள். பால் எத்தனை டிகிரியில் பொங்கியது என்பது பையனுக்குத் தெரியவும் வேண்டாம். கைகள் விலகியது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

இந்த விளக்கத்துக்குச் சான்று கேட்டால் இரண்டு சோதனைகளைச் சொல்வேன். 1986-ல் அனந்தன், கோல்ட்பெர்க், வோல்மி ஆகியோர் தவளையின் முட்டைச் செல்லுக்குள் உருக்குலைந்த புரதத்தை ஊசியால் செலுத்தினார்கள். சூடு இல்லை, நஞ்சு இல்லை. எச்எஸ்பி70 மரபணு இயங்கத் தொடங்கியது. அதே புரதத்தைக் குலையாத வடிவில் செலுத்தினால் இயங்கவில்லை. இரண்டாவது, 1993-ல் கார்ல் வூவின் குழு செய்தது. மனித எச்எஸ்எஃப்1-ஐ ஈயின் செல்லுக்குள் வைத்தார்கள். மனித செல்லில் அது விழித்துக்கொள்ள 42 டிகிரி மாதிரி வேண்டும். ஈயின் செல்லுக்குள் போனதும் அதே மனிதப் புரதம் ஈக்குச் சூடாக இருக்கும் வெப்பநிலையிலேயே, சுமார் 10 டிகிரி கீழேயே, விழித்துக்கொண்டது. நமக்கு 37 டிகிரி என்பது உடம்பு நன்றாக இருக்கும் நிலை, ஈக்கு அது அதிர்ச்சி. எல்லை அந்தப் புரதத்துக்குள் மட்டும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டின் நிலைமையைப் பொறுத்து மாறுகிறது.

முழு உண்மை இதைவிடக் கொஞ்சம் சிக்கல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூய்மையாகப் பிரித்தெடுத்த எச்எஸ்எஃப்1 சோதனைக்குழாயில் தனியாகவே சூட்டுக்கு ஓரளவு அசைகிறது. ஆனாலும் செவிலிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் மையமான கருத்து. அதை வைத்துப் பார்த்தால் ரிட்டோசாவின் டைநைட்ரோஃபீனால் புதிராக இருக்காது. காட்மியம், ஆர்சனிக், அளவுக்கு மீறிய ஆல்கஹால் எல்லாமே எச்எஸ்பிகளை ஏன் வரவழைக்கின்றன என்பதும் புரியும். புரதத்தைக் குலைக்கும் எதுவும் பால் பொங்குவதுதான்.

இன்னொரு கேள்வி: எப்படி ஓரிரு நிமிடத்தில் இவ்வளவு வேகம்? நகலெடுக்கும் இயந்திரத்தின் பெயர் ஆர்என்ஏ பாலிமரேஸ். 1980களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் லிஸ்ஸின் குழு, சூடே படாத ஈ செல்லிலும் எச்எஸ்பி70 மரபணுவின் தொடக்கத்தில் ஒரு பாலிமரேஸ் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்டது. இருபது முப்பது எழுத்து நகலெடுத்துவிட்டு அப்படியே நிற்கிறது. பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, நடத்துநரின் விசிலுக்குக் காத்திருப்பது போல. எச்எஸ்எஃப்1 வந்து சேர்வதுதான் விசில். முதல் வண்டி கிளம்பியதும் பின்னால் அடுத்தடுத்து வண்டிகள். ஈயின் ஒரு விசித்திரமான மரபணுவில் பார்த்த இந்தக் காத்திருப்பு, பிற்பாடு மனிதன் உட்படப் பல உயிரிகளில் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் இருப்பது தெரியவந்தது.

மறுபடி லிண்ட்க்விஸ்ட்டிடம் வருவோம். இயக்குவதைப் பற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அணைப்பதைப் பற்றிக் கேட்டவர் அவர். 1982-ல் 'செல்' என்ற ஆய்விதழில் வந்த கட்டுரையில் அவரும் அவர் குழுவினரும் ஒன்றைக் காட்டினார்கள். வேலை செய்யக்கூடிய எச்எஸ்பி70 உருவாகாமல் தடுத்துவிட்டால், செல் அந்த மரபணுக்களை அணைப்பதே இல்லை. நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறது. தேவையான அளவு எச்எஸ்பி70 சேர்ந்தால்தான் நகலெடுப்பு நிற்கிறது, ஏற்கெனவே எடுத்த நகல்களும் அழிக்கப்படுகின்றன. திண்ணைப் பையனைத் திரும்பப் பிடிக்க ஆள் வந்தாயிற்று என்பதன் முதல் தடயம் இது. பிடித்து வைக்கும் விளக்கமே முழுசாக உருவாவதற்கு முன்னால் செய்த சோதனை என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

அப்புறம் 1986-ல் ஜோசப் யோஸ்ட் என்ற மாணவருடன் செய்த வேலை. நம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றின் நகலில் நடுநடுவே வேண்டாத பகுதிகள் வரும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டினால்தான் நகல் பயன்படும். கடும் சூட்டில் இந்த வெட்டி ஒட்டும் வேலை நின்றுபோகிறது. ஈயின் எச்எஸ்பி70 மரபணுவில் அந்த வேண்டாத பகுதியே இல்லை. வெட்ட வேண்டியதும் இல்லை, ஒட்ட வேண்டியதும் இல்லை. எல்லோருடைய கோப்பும் மேசையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது இதன் நகல் மட்டும் நேராகப் பட்டறைக்குப் போய்விடுகிறது.

பிறகு அவர் ஈயிலிருந்து ஈஸ்ட்டுக்கு மாறினார். ரொட்டி மாவை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட். ஏன் மாறினார் என்றால், ஈஸ்ட்டில் நினைத்த மரபணுவை நீக்கிப் பார்ப்பது சுலபம். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் சூட்டில் காப்பாற்றுகின்றன என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சூட்டில் வருகிறது என்பதற்காகவே அது காப்பாற்றுகிறது என்று ஆகிவிடாது. மழை பெய்யும்போதெல்லாம் தவளை கத்துகிறது, அதனால் தவளை மழையைத் தடுக்கிறது என்று சொல்ல முடியுமா? எந்தப் புரதம், எதைச் செய்து காப்பாற்றுகிறது என்று காட்ட வேண்டும்.

சோதனை எளிமையானது. ஈஸ்ட்டை நேராக 50 டிகிரியில் போட்டால் வேகமாகச் சாகும். முதலில் கொஞ்ச நேரம் 37 டிகிரியில் வைத்து, பிறகு 50 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏராளமானவை தாங்கிக்கொள்கின்றன. சின்னச் சூடு பெரிய சூட்டுக்குத் தயார்படுத்துகிறது. 1990-ல் யோலாண்டா சான்செஸும் லிண்ட்க்விஸ்ட்டும் எச்எஸ்பி104 என்ற ஒரே மரபணுவை நீக்கினார்கள். அந்த ஈஸ்ட் சாதாரண நாளில் மற்றவை போலவே வளர்ந்தது. நேராக 50 டிகிரியில் போட்டால் மற்றவை போலவே செத்தது. ஆனால் 37 டிகிரியில் எவ்வளவு தயார்படுத்தினாலும் அதற்குத் தாங்கும் சக்தி வரவில்லை. மரபணுவைத் திருப்பி வைத்தால் வந்தது. சயன்ஸ் இதழில் வந்த இந்தக் கட்டுரையை, புதிதாக உயிரியல் படிக்க வருபவர்களுக்கு ஒரு சோதனையை எப்படித் திட்டமிடுவது என்று காட்ட நான் தயங்காமல் எடுத்துக் கொடுப்பேன். நீக்கு, பார், திருப்பி வை, பார்.

எச்எஸ்பி104 என்ன செய்கிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. எச்எஸ்பி70 ஒட்டாமல் தடுக்கிறது என்றேன். எச்எஸ்பி104 ஒருபடி மேலே போய், ஏற்கெனவே ஒட்டிக் கட்டியாகிப்போன புரதங்களைப் பிரிக்கிறது. ஆறு பேர் கைகோத்து நிற்கும் வளையம் மாதிரி அதன் அமைப்பு, நடுவே ஒரு துளை. கட்டியிலிருந்து ஒவ்வொரு சங்கிலியாக அந்தத் துளை வழியே இழுத்து எடுக்கிறது. 1998-ல் ஜான் குளோவரும் அவரும் மின்மினிப் பூச்சியின் ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியைக் குலைத்துக் கட்டியாக்கி, எச்எஸ்பி104, எச்எஸ்பி70, எச்எஸ்பி40 மூன்றையும் சேர்த்துப் போட்டார்கள். செத்துப்போன நொதிக்கு ஒளிரும் திறன் திரும்பி வந்தது. மூன்றும் சேர்ந்தால்தான் வந்தது. வெந்தது வெந்ததுதான் என்று முட்டையை வைத்து மேலே சொன்னேன். செல்லுக்குள் அப்படி இருக்க வேண்டியதில்லை.

அதே 1998-ல் சுசான் ரதர்ஃபோர்டுடன் இன்னொரு கட்டுரை. எச்எஸ்பி90 குறைந்த பழ ஈக்களில் கண், இறக்கை, கால் என்று வெவ்வேறு இடங்களில் விதவிதமான மாற்றங்கள் வந்தன. எந்த மாற்றம் என்பது அந்த ஈயின் மரபுவழியைப் பொறுத்திருந்தது. மரபணுக்களில் ஏற்கெனவே மறைந்திருந்த வேறுபாடுகளை எச்எஸ்பி90 இத்தனை நாளும் வெளியே தெரியாமல் சமாளித்துவந்தது, நெருக்கடியில் கை போதாமல்போனால் அவை வெளிப்படுகின்றன என்பது அவர்கள் விளக்கம். பரிணாமத்தில் இது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று இன்றும் விவாதம் உண்டு. ஆனால் 2002-ல் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும் இதே மாதிரி பார்த்தார்கள்.

2001-ல் மாசசூசெட்ஸில் உள்ள வைட்ஹெட் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகி, 2004-ல் அந்தப் பொறுப்பை விட்டு முழுநேரமும் ஆய்வகத்துக்கே திரும்பினார். 2003-ல் டியாகோ அவுட்டெய்ரோவுடன், பார்க்கின்சன் நோயில் மூளைச் செல்களில் கட்டிகட்டும் ஆல்ஃபா சைனூக்ளீன் என்ற மனிதப் புரதத்தை ஈஸ்ட்டுக்குள் உருவாக்கிப் பார்த்தார். மூளையே இல்லாத ஈஸ்ட்டிலும் அது கூடுதலானால் கட்டி சேர்ந்து செல் சாகிறது. 2007-ல் இன்னும் சங்கடமான ஒன்று வெளிவந்தது. எச்எஸ்எஃப்1 இல்லாத எலிகளுக்குப் புற்றுக்கட்டி வருவது வெகுவாகக் குறைந்தது. புற்றுச்செல் எந்நேரமும் நெருக்கடியில் இருக்கும் செல். நம்மைக் காக்கும் அதே ஏற்பாட்டை அது தனக்குத் துணையாக்கிக்கொள்கிறது. லிண்ட்க்விஸ்ட் 2016 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். வயது 67.

எச்எஸ்பி104 கதையில் ஒரு மிச்சம் உண்டு. ஈஸ்ட்டில் அது இருக்கிறது. செடிகளில் அதன் உறவு இருக்கிறது, பாக்டீரியாவில் இருக்கிறது. விலங்குகளிடம் இல்லை. பரிணாமப் பாதையில் எங்கோ நம் பக்கம் அதைத் தொலைத்துவிட்டது. கட்டிகளைப் பிரிக்க நம் செல்களில் எச்எஸ்பி70-ம் அதன் கூட்டாளிகளும் ஓரளவு முயல்கின்றன, மெதுவாக. லிண்ட்க்விஸ்ட்டின் ஆய்வகத்தில் பயின்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் அமைத்த ஜேம்ஸ் ஷார்ட்டர், ஈஸ்ட்டின் எச்எஸ்பி104-ஐ எடுத்து அதன் அமினோ அமிலங்களில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார். சரியான இடத்தில் செய்த அந்த ஒரு மாற்றம் போதுமாக இருந்தது. 2014-ல் வெளியான அந்த ஆய்வில், மாற்றிய எச்எஸ்பி104 ஈஸ்ட்டுக்குள் ஆல்ஃபா சைனூக்ளீனின் கட்டிகளைக் கலைத்தது. நரம்புச் செல்கள் நலியும் ஏஎல்எஸ் நோயோடு தொடர்புடைய டிடிபி43, எஃப்யூஎஸ் என்ற இரண்டு புரதங்களின் கட்டிகளையும் கலைத்தது. சாக வேண்டிய ஈஸ்ட் செல்கள் தட்டில் வளர்ந்து நின்றன.